பூட்டு உடைந்த வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை ஆகிய நகரங்களிலிருந்து அண்மைக் காலமாக எமக்கு வரும் கடிதங்களில் பல, வீடுடைப்பையும் நகைத் திருட்டையும் வாகனத் திருட்டையும் பற்றியவை. பொருளை இழந்த துயரம் மட்டும் அவற்றில் இல்லை. பொலிஸ் நிலையத்தில் எதைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, அயலில் யாரை நம்புவது என்ற தடுமாற்றமும் இருக்கிறது. ஆகவே இம்முறை இப்பக்கங்களை முழுவதுமாக இவ்விடயத்துக்கே ஒதுக்கியுள்ளோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நானும் மனைவியும் மாத்தளைக்குச் சென்று மறுநாள் மாலை திரும்பியபோது, சமையலறையின் பின்கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. ஏழு பவுண் நகையும் மகனின் மடிக்கணினியும் காஸ் சிலிண்டரும் போய்விட்டன. முறைப்பாடு செய்து பயனில்லை, போனது போனதுதான் என்கிறார்கள் அயலவர்கள். நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

பதில்: முறைப்பாடு செய்யுங்கள், இன்றே செய்யுங்கள். அயலவர்கள் ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு ஒருவர் பேசாமல் இருந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரருக்கும் அதனால் தீங்கு நேர்கிறது. வீடுடைப்பவர்கள் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்வது அரிது. என்றோ ஒருநாள் வேறோர் ஊரில் அவர்கள் பிடிபட்டு நகைகள் மீட்கப்படும்போது, எது யாருடையது என்பதைத் தேடுவது பழைய முறைப்பாட்டுப் பதிவுகளில்தான். பதிவு செய்தவர் தமது பொருளை அடையாளம் காட்டி, நீதவானின் கட்டளையின் பேரில் அதைத் திரும்பப் பெற வழியுண்டு. பதிவு செய்யாதவர் அந்தப் பொருளைத் தமது என்று நிறுவுவதற்கே பெரும் பாடுபட வேண்டியிருக்கும். தவிர, எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ரோந்து தேவை என்பதைப் பதிவான முறைப்பாடுகளைக் காட்டித்தான் நாம் பொலிசாரிடம் கேட்க முடியும்.

வீடு உடைக்கப்பட்டிருப்பதைக் கண்டவுடன் உள்ளே போகாமல், வாசலில் நின்றபடியே 119 இலக்கத்துக்கோ உங்கள் பொலிஸ் நிலையத்துக்கோ அழைப்பதே முதல் வேலை. உடைத்தவர் இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். மற்றொன்று தடயம். சிதறிக் கிடக்கும் துணிகளை மடித்து வைக்கவும், திறந்து கிடக்கும் அலுமாரியைச் சாத்தவும் கை பரபரக்கும். பொலிசார் வந்து பார்க்கும் வரை எதையும் தொடாதீர்கள். அலுமாரிக் கண்ணாடியிலும் கதவுப் பிடியிலும் விரல் அடையாளம் இருக்கலாம். அவற்றைப் பதிவதற்கென்றே குற்ற இடத்தை ஆராயும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களை வரவழைக்குமாறு கேளுங்கள். பின்முற்றத்து ஈரமண்ணில் காலடித் தடம் தெரிந்தால், அடுத்த மழை அதைக் கழுவிவிடாதபடி ஒரு பேசினையோ தகரத் துண்டையோ மேலே கவிழ்த்து வையுங்கள். எங்கள் மழை அரை மணி நேரம்கூடப் பொறுத்திருக்காது.

நகைகளை முறைப்பாட்டில் விபரிக்கும்போது 'ஏழு பவுண் நகை' என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயர், நிறை, வேலைப்பாடு, கழன்று மீண்டும் பற்றவைக்கப்பட்ட கொக்கி, பத்தர் பொறித்த எழுத்து என்று நினைவில் உள்ளவை யாவற்றையும் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்று மனம் தளர வேண்டாம். திருமணப் படங்களில் உங்கள் மனைவி அதே நகையை அணிந்திருப்பார். பழைய அடகுச் சீட்டு ஒன்று எங்காவது புத்தகத்துக்குள் இருக்கும். நகை செய்த பத்தர் இன்னும் கடையில் இருக்கலாம். இவை யாவும் சான்றுகளே. அடகு வைப்பவரின் விபரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் கட்டளைச்சட்டம் விதிக்கும் கடமை. ஆகவே தெளிவான விபரம் விரைவில் பொலிசாரின் கையில் இருந்தால், நகரத்து அடகுக் கடைகளில் விசாரிக்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். மடிக்கணினியின் தொடரிலக்கம் அதை வாங்கிய பெட்டியிலோ உத்தரவாத அட்டையிலோ இருக்கும், அதையும் கொடுங்கள்.

முறைப்பாடு எழுதப்பட்ட புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கங்களையும் எழுதிய அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள். அடுத்த முறை போய் விசாரிக்கும்போது அந்த இலக்கம் இல்லையென்றால் எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து சொல்ல நேரும். காப்புறுதி இருந்தால் முறைப்பாட்டின் பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் பொறுப்பதிகாரியையும், அதன்பின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்தையும் நாடுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழு பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கக் கடமைப்பட்ட அமைப்பு, அங்கும் எழுதலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையின் நிலையை அறியும் உரிமை உண்டென்பதை 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் ஏற்கின்றன. ஆகவே போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுச் சுவரேறி வந்த ஒருவர் எங்கள் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிச் சென்றுவிட்டார். பொலிஸ் நிலையத்தில் நான் தமிழில் சொன்னதை அதிகாரி சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். எனக்குச் சிங்களம் ஓரளவு பேச வரும், வாசிக்கத் தெரியாது. கையொப்பமிட்டுவிட்டு வந்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.
– குடும்பத் தலைவி, நுவரெலியா

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. மலையகத்தில் எத்தனையோ வழக்குகள் திசைமாறுவது, சொன்னதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையிலுள்ள இடைவெளியால்தான். இதில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்பதை எம்மவர்களில் பலர் இன்னும் அறியாமலிருப்பதுதான் பெரிய இழப்பு.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைக் கவனியுங்கள். வாய்மொழியாகத் தரப்படும் தகவலை, அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த மொழியில் எழுத அதிகாரியால் இயலாவிட்டால், தகவல் தருபவரையே தமது மொழியில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். தகவல் தருபவருக்கும் எழுத இயலாது என்ற நிலையில் மட்டுமே அதிகாரி வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது, தமிழில் எழுதத் தெரிந்த உங்களிடம் ஒரு தாளும் பேனையும் தந்திருக்க வேண்டியது அவரது கடமை.

அரசியலமைப்பும் இதையே உறுதிசெய்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும், அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் பொதுமக்களுக்கு உரிமையுண்டு என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வகுத்தது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளோ 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவே பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆகவே தமிழில் கேட்பது யாருடைய தயவையும் வேண்டுவதாகாது.

இப்போது செய்யக்கூடியது இதுதான். நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன போனது, கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள், யார் கண்டார்கள் என்பவற்றையெல்லாம் சேருங்கள். இரண்டு பிரதிகளுடன் பொறுப்பதிகாரியிடம் சென்று, முன்னைய முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, இதனை மேலதிக வாக்குமூலமாகச் சேர்க்குமாறு கேளுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை வாங்குங்கள். முதல் முறைப்பாட்டின் பிரதியையும் கேட்டுப் பெற்று, சிங்களம் வாசிக்கத் தெரிந்த நம்பகமான ஒருவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். மறுக்கப்பட்டால், 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். எழுதும்போது அதிகாரியைத் தூற்ற வேண்டாம். என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரும் கடமையில் இல்லாத நிலையத்தில் அவரும் இடர்ப்படுகிறார் என்பதை நான் அறிவேன். அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது திணைக்களம். அதன் சுமை உங்கள் கையொப்பத்தின் மீது விழக்கூடாது.

கேள்வி: எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. முன்னால் இரும்புக் கேற், பெரிய பூட்டு, கமரா எல்லாம் வைத்தும் இரண்டாவது தடவையாகத் திருட்டு நடந்துவிட்டது. கமராவில் வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டுமே தெரிகிறது. இன்னும் என்னதான் செய்வது?
– கடை உரிமையாளர், தலவாக்கலை

பதில்: சமதரை ஊர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை அப்படியே மலைநாட்டில் பின்பற்றியதால் வந்த வினை இது. எங்கள் நகரங்களில் ஒருவருடைய முற்றம் இன்னொருவருடைய கூரைக்கு நேராக இருக்கிறது. வீதியிலிருந்து பார்த்தால் உங்கள் வீடு இரண்டு மாடி உயரம். பின்னால் மண்மேட்டிலிருந்து பார்த்தால் கூரை ஓரெட்டுத் தூரம். இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழைய நினைப்பவர் முன் கேற்றுக்கு வரமாட்டார். மண்மேட்டைத் தாங்கும் சுவரின் மேல் நடந்து, குளியலறை யன்னலையோ கூரைத் தகரத்தின் விளிம்பையோ தேடுவார்.

ஆகவே ஒரு பகற்பொழுதில் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். எங்கே கால் வைக்கலாம், எதைப் பிடித்து இறங்கலாம், எந்த மறைவில் நிற்கலாம் என்பது அங்கிருந்து தானாகத் தெரியும். தகரத்தின் ஓரங்களில் துருப்பிடித்துத் தளர்ந்த ஆணிகளை மாற்றுவதும், குளியலறை யன்னலுக்கு உட்புறமாகக் கம்பி பொருத்துவதும், பின்கதவுக்கு மேலும் கீழும் உட்தாழ்ப்பாள் போடுவதும், இன்னொரு பெரிய பூட்டு வாங்குவதைவிடப் பயன் தரும். ஏணியையும் மண்வெட்டியையும் அலவாங்கையும் வெளியே சாய்த்து வைக்காதீர்கள். உங்கள் கதவை நெம்புவதற்கு உங்கள் அலவாங்கே போதும். வெளியிலுள்ள காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்து வையுங்கள்.

கமராவைப் பொறுத்தவரை, இரவில் அதன் கண்ணைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளின் ஒளி பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பி அதன் கண்ணையே மறைத்துவிடுகிறது. அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, கமராவுக்குச் சற்று விலகிய ஓரிடத்தில் தனியாக ஒரு மின்குமிழைப் பொருத்தினால் படம் தெளியும். கமராவை உயரத்தில் வைக்காமல் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, வர வேண்டிய வழிக்கு அருகில் வையுங்கள். கண்ணாடியில் படியும் ஈரத்தை அடிக்கடி துடையுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்து புதியவை ஏறும் என்பதால், திருட்டு நடந்த அன்றே அந்தப் பகுதியைப் பிரதியெடுத்துப் பொலிசாரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மழை. தகரக் கூரையில் பலத்த மழை பெய்யும்போது பக்கத்து அறையில் கதவு உடைபட்டாலும் கேட்காது. உங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலமான மே முதல் செப்ரெம்பர் வரையும், பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு ஆண்டின் கடைசி மாதங்களும் இத்தகைய இரவுகள் நிறைந்தவை. தீபாவளிக்கு முந்திய வாரமும் ஏப்ரல் விடுமுறையும் அவ்வாறே கவனம் வேண்டிய நாட்கள். அப்போது வீட்டில் பணமும் நகையும் இருக்கும்; ஆட்கள் கடைக்கும் கோயிலுக்கும் போயிருப்பார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டனிலும் ஏப்ரலில் நுவரெலியாவிலும் புதுமுகங்களைக் கண்டு யாரும் ஐயுறமாட்டார்கள். ஊருக்குப் போவதானால் அதை முகப்புத்தகத்தில் அறிவித்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். அன்றாடம் அணியாத நகைகளுக்கு வங்கியின் பாதுகாப்புப் பெட்டகமே இடம். அரிசி வாளியும் சாமித் தட்டும் எல்லாரும் முதலில் தேடும் இடங்கள்.

வீதி விளக்கு எரியவில்லையென்றால் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ மின்கம்பத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, தெருவிலுள்ள பத்துப் பேராவது கையொப்பமிட்டு எழுதுங்கள். ஒருவர் தொலைபேசியில் சொல்வதற்கும் பத்துப் பேர் எழுதிக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர்கள் இரவுக் காவல் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். சென்ற மாதம் நள்ளிரவில் சந்தேகத்துக்கிடமாக நின்ற ஒருவரைப் பிடித்து அடித்துவிட்டோம். அவர் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று பின்னர் தெரிந்தது. திருடனைப் பிடிக்க எங்களுக்கு உரிமை இல்லையா?
– இளைஞர், பண்டாரவளை

பதில்: பிடிக்க உரிமை உண்டு, அடிக்க இல்லை. பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைத் தம் கண்முன்னே செய்பவரைத் தனிநபர் ஒருவர் பிடிக்கலாம் என்றும், பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் மேற்சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு கூறுகிறது. 'கண்முன்னே' என்பதுதான் இங்கே முக்கியம். நள்ளிரவில் தெருவில் நிற்பது குற்றமல்ல. தற்காப்புக்கும் எல்லை உண்டு. தாக்க வருபவரைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் செய்யப்படும் எதுவும் அடித்தவரைக் குற்றவாளியாக்கும். அந்த மனிதர் முறைப்பாடு செய்திருந்தால் இன்று நீதிமன்றத்துக்கு அலைபவர்கள் நீங்களாக இருப்பீர்கள். அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேளுங்கள். அவருக்கு மருத்துவச் செலவு இருந்திருந்தால் அதையும் கொடுங்கள்.

2011 ஓகஸ்ட்டில், உடலில் கிரீஸ் பூசியவர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற 'கிரீஸ் பூதம்' வதந்தி நாட்டின் பல பகுதிகளிலும் பரவியபோது மலையகத்திலும் இரவு முழுதும் தடியோடு காவல் இருந்தார்கள். வழிப்போக்கரும் வியாபாரிகளும் அடிபட்டார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. பயந்த கூட்டம் எவ்வளவு விரைவில் கொலைக்குத் துணியும் என்பதை அப்போது கண்டோம். அதனால் காவல் குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமக்காகத் தாமே விழித்திருக்கும் இளைஞர்களை நான் மதிக்கிறேன். கிராம உத்தியோகத்தர் பிரிவில் சிவில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்று விசாரித்து அதனோடு இணையுங்கள். பொலிஸ் நிலையத்தின் சமுதாயப் பொலிஸ் பிரிவில் உங்கள் பெயர்களைக் கொடுங்கள். தெருவிலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் குழுவில் இருக்க வேண்டும். ஒரே சமூகத்தின் இளைஞர்கள் மட்டும் இரவில் கூடி நின்றால், எங்கள் ஊர்களின் வரலாற்றில் அது வேறு விதமாகப் பார்க்கப்படும். கையில் தடிக்குப் பதிலாக டோர்ச்சும் விசிலும் தொலைபேசியும் இருக்கட்டும். புதிய ஒருவரைக் கண்டால், 'ஐயா, யாரைத் தேடுகிறீர்கள், உதவி வேண்டுமா' என்று கேளுங்கள். தீய நோக்கமில்லாதவர் வழி கேட்பார். நோக்கமுள்ளவர் தாம் கவனிக்கப்பட்டதை உணர்ந்து விலகுவார். சந்தேகத்தின் பேரில் எவருடைய படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கேள்வி: நான் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கண்டியில் ஒரு வீட்டில் வேலை செய்யும் என் மகளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டில் சங்கிலி ஒன்று காணாமற்போனதாம். மகளை அறையில் பூட்டி வைத்து விசாரித்திருக்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளத்தையும் அடையாள அட்டையையும் வைத்துக்கொண்டு, எடுத்ததாக எழுதிக் கொடுக்காவிட்டால் பொலிசில் கொடுப்போம் என்கிறார்கள். என் பிள்ளை எடுக்கவில்லை. எனக்கு வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அம்மா, முதலில் மகளிடம் சொல்ல வேண்டியது, எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம் என்பதே, வெறுந்தாளில் நிச்சயமாக வேண்டாம். பயத்தில் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று நினைப்பார்கள். அங்குதான் அது தொடங்கும்.

ஒருவரை அறையில் பூட்டி வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதைச் செய்ய வீட்டுக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. அடையாள அட்டையைத் தடுத்து வைக்கவும் உரிமையில்லை. சங்கிலி போயிருந்தால் அவர்கள் செய்ய வேண்டியது பொலிசில் முறைப்பாடு செய்வது ஒன்றுதான். அவர்கள் 'பொலிசில் கொடுப்போம்' என்று மிரட்டும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். மகள் இன்னும் அந்த வீட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்தால் உடனே 119ஐ அழையுங்கள். வெளியே வந்துவிட்டாரானால், பொலிஸ் நிலையத்தின் பெண்கள் மற்றும் சிறுவர் பணியகத்தில், பூட்டி வைத்ததையும் சம்பளமும் அட்டையும் தராததையும் நீங்களே முதலில் முறையிடுங்கள். தனியாகப் போகாமல், தோட்டத்துத் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ ஆசிரியர் ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள்.

பொலிசார் மகளை விசாரித்தால் அவர் அறிந்திருக்க வேண்டியவை சில. பெண்ணைச் சோதனையிடுவதானால் பெண்ணொருவரே, கண்ணியம் குறையாமல் சோதனையிட வேண்டும். பிடியாணையின்றிக் கைதுசெய்யப்பட்டவரை 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பொலிஸ் அதிகாரியிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 25ஆம் பிரிவு. அடிப்பதும் துன்புறுத்துவதும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாரிய குற்றம். அப்படி நேர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்காகவே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. நீதிமன்றத்தில் விசாரித்தால் அதன் அலுவலகத்தைக் காட்டுவார்கள். சம்பளத்தைப் பெறவும் அங்கே ஆலோசனை கிடைக்கும்.

இதை வாசிக்கும் நகரத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பொருள் காணாமற்போனவுடன் எங்கள் கண் முதலில் யார் மீது விழுகிறது? பாத்திரம் கழுவும் பெண் மீது, மரக்கறி கொண்டுவரும் பையன் மீது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் மீது. அவர்கள் வீட்டுக்குள் வந்து போனார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதில்லை. நாங்களும் அதே லயங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் நகரத்துக்கு வந்தவர்களாக இருந்தும் இதைச் செய்கிறோம் என்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. சங்கிலி கட்டிலுக்கு அடியில் கிடைத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு வேலையோ நற்பெயரோ திரும்பக் கிடைப்பதில்லை. தேடுங்கள், மீண்டும் தேடுங்கள், கிடைக்காவிட்டால் பொலிசில் முறையிடுங்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கைப்பேசியை வாங்கினேன். அது திருடப்பட்டது என்று கூறிப் பொலிசார் அழைக்கிறார்கள்.
– மாணவர், நாவலப்பிட்டி

பதில்: உடனே போங்கள், கைப்பேசியை ஒப்படையுங்கள், யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்படி குற்றம். பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் அரைவிலைக்கு விற்கப்படுவதே நம்பக் காரணமாகலாம். அடுத்த முறை வாங்கும்போது, *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும் 15 இலக்க எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசி வைத்திருக்கும் எல்லாரும் அந்த எண்ணை இன்றே ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது. தொலைந்த பிறகு பொலிசார் கேட்பது அதைத்தான்.

கேள்வி: வீட்டுக்கு முன் நிறுத்தியிருந்த முச்சக்கரவண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். லீசிங் இன்னும் முடியவில்லை. காப்புறுதிப் பணம் கிடைக்குமா?
– சாரதி, வெலிமடை

பதில்: முழுக் காப்புறுதி என்றால் கோரலாம், மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் உங்கள் வண்டி திருடப்பட்டதற்கு இழப்பீடு இல்லை. செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றோடு பொலிசில் முறையிட்டு, அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கும் லீசிங் நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தாமதம் கோரிக்கையைப் பாதிக்கும். வண்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், லீசிங் நிறுவனத்தோடு பேசாமல் ஒதுங்கி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பித்தளைக் குழாய்களும் தண்ணீர் மீற்றர்களும் தொடர்ந்து காணாமற்போயின. கடைசியில் பிடிபட்டது பதின்மூன்று வயதுச் சிறுவன். சிலர் அவனைக் கம்பத்தில் கட்டி வீடியோவும் எடுத்தார்கள். நான்தான் அவிழ்த்து விட்டேன். பொலிசில் சொல்வதா, விட்டுவிடுவதா?
– வியாபாரி, பதுளை

பதில்: அவிழ்த்து விட்டதற்கு உங்களுக்கு நன்றி. கட்டியதும் படமெடுத்ததும் தவறு. அந்த வீடியோவை வைத்திருப்பவர்களிடம் பேசி அழிக்கச் செய்யுங்கள். 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் பார்க்க வேண்டும். இச்சிறுவன் அந்த வயதினன்.

விட்டுவிடுவது அவனுக்கு நன்மை செய்யாது. பித்தளை மீற்றரைக் கழற்றுவதற்கு ஒரு பிள்ளைக்குத் தானாக யோசனை வருவதில்லை. அதை நிறுத்து வாங்கும் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் கேட்டு அனுப்புபவரும் அவரே. முதலில் பெற்றோரையும் பாடசாலை அதிபரையும் சந்தியுங்கள். பாடசாலைக்குப் போவதை எப்போது நிறுத்தினான், வீட்டில் என்ன நிலை என்பது தெரியாமல் எந்த முடிவும் சரியாக அமையாது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ பிள்ளைகள் கைச்செலவுக்கென்று பழைய இரும்பு பொறுக்கப் போனார்கள். அடித்தார்களா, வேறு யாரேனும் அவனைப் பயன்படுத்துகிறார்களா என்ற ஐயமிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகத் தொடர்புகொள்ளலாம். மீற்றர் போன வீடுகள் நீர் வழங்கல் சபையின் 1939 இலக்கத்துக்கு அறிவித்து, பொலிசிலும் பதிய வேண்டும்.

பொலிசில் முறையிடும்போது, பிள்ளையின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பொருட்கள் எந்தப் பழைய இரும்புக் கடையில் விற்கப்பட்டன என்பதை அவனிடம் அன்பாகக் கேட்டறிந்து, அந்தக் கடைக்காரரிடமும் வாக்குமூலம் பெற்று அவரது பதிவேட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று முறைப்பாட்டிலேயே எழுதிக் கேளுங்கள்.